சாவி யாரிடம் இருக்கிறது? சாவியற்ற கார் குறித்து ஒரு வாசிப்பு

போன மாதம் நண்பனின் காரை நான் ஓட்டிக்கொண்டு போனேன். அவன் பேருந்து நிலையத்தில் இறங்கிக்கொண்டான். சாவி அவன் சட்டைப் பையில். வண்டி பாட்டுக்கு ஓடியது. ஏதோ 'பீப்' என்று கத்தியதை, சீட் பெல்ட்டுக்காக இருக்கும்னு விட்டுவிட்டேன். முப்பது கிலோமீட்டர் தள்ளி டீ குடிக்க நிறுத்தி, பொத்தானை அமுக்கி எஞ்சினை அணைத்தேன். அவ்வளவுதான், மறுபடி கிளம்பவில்லை. போன் போட்டால், "சாவி எங்கிட்டதாண்டா இருக்கு" என்கிறான் சாவகாசமாக. பக்கத்தில் பூட்டு, சாவி ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவர் கடை போட்டிருந்தார். எட்டிப் பார்த்துவிட்டு, "பூட்டுன்னா திறந்துரலாம் சார், இது பூட்டே இல்லையே" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியவில்லை. 'சாவி' போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்த சொல். அதற்கு முன்பே நம்மிடம் திறவுகோல் இருந்தது. மாமியார் இடுப்பின் கொத்துச்சாவி, கோயில் சாவி, குடோன் சாவி என எதை எடுத்தாலும், சாவி கைமாறும்போது அதிகாரமும் கைமாறுகிறது. முதலாளி டிரைவரிடம் சாவியைக் கொடுக்கும்போது சில மணி நேரத்துக்காவது வண்டி இவன் பொறுப்பு. சாவி என்பது உடைமையின் குறி மட்டுமல்ல. உடைமையைத் தற்காலிகமாகப் பிறரிடம் ஒப்படைப்பதற்கான குறியும்கூட. 'சாவியற்ற' தொழில்நுட்பத்தின் வரலாற்றை இந்த இடத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தொடக்ககாலக் கார்களைக் கிளப்பக் கைப்பிடியைப் போட்டுச் சுழற்ற வேண்டும், தோள்வலுதான் முக்கியம். 1912இல் காடிலாக் காரில் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்தது. சாவியைத் திருப்பினாலே எஞ்சின் கிளம்பும் ஏற்பாட்டை 1949இல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. திறப்பதும் கிளப்புவதும் ஒரே உலோகத் துண்டுக்குள் வந்து சேர்ந்தன.

இந்த உலோகம் கரைவதை மூன்று கட்டங்களாகப் பார்க்கலாம். 1980இல் ஃபோர்டு நிறுவனம் சில கார்களின் கதவில் ஐந்து பொத்தான்களை வைத்தது. எண் தெரிந்தவர் திறக்கலாம். இங்கே சாவி என்பது நினைவு. 1982இல் ரெனோ ஃபுயேகோ காரில் பால் லிப்ஷுட்ஸ் உருவாக்கிய அகச்சிவப்புக் கதிர் ரிமோட் வந்தது. அவர் பெயரின் முதலெழுத்துகளிலிருந்து பிறந்த 'ப்ளிப்' என்ற சொல்லைப் பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் புழங்குகிறார்கள். இங்கே சாவி என்பது ஒரு செயல், விரலின் அழுத்தம். 1993இல் கார்வெட்டிலும், 1998இல் மெர்சிடஸ் எஸ் வகுப்பின் 'கீலெஸ் கோ'விலும் அந்த அழுத்தமும் போயிற்று. சாவியோடு பக்கத்தில் வந்தால் போதும். இங்கே சாவி என்பது வெறும் இருப்பு.

இடையில் ஒரு கிளைக்கதை உண்டு. ரிமோட்டின் சமிக்ஞையை ஒருவன் பதிவுசெய்து மறுபடி ஒலிபரப்பினால் கதவு திறந்துவிடாதா? இதற்கு விடையாக ஒவ்வொரு அழுத்தத்துக்கும் மாறிக்கொண்டே போகும் 'உருளும் குறி' வந்தது. அதில் பெரிதும் பரவிய கீலாக் என்ற முறை, நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் 1980களின் நடுவில் நானோடெக் நிறுவனத்தில் உருவானது. 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் அதை வாங்கியது. 2008இல் ஜெர்மனியின் போகும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில்லு இழுக்கும் மின்சாரத்தை அளந்தே தயாரிப்பாளரின் மூலச்சாவியைப் பெயர்த்தெடுத்துக் காட்டினார்கள். நம் கையில் இருக்கும் தனித்தனிச் சாவிகள் எல்லாம் நிறுவனத்திடம் இருக்கும் ஒரு மூலச்சாவியின் நிழல்கள் என்பது அப்போது வெளிப்பட்டது.

மூன்றாம் கட்டத்துக்கு வருவோம். வண்டி 125 கிலோஹெர்ட்ஸ் அளவிலான தாழ் அலைவரிசையில், ஓரிரு மீட்டருக்குள் மட்டும் எட்டும்படி, 'இருக்கிறாயா?' என்று கேட்கிறது. பையிலிருக்கும் சாவி உயர் அலைவரிசையில் 'இருக்கிறேன்' என்கிறது. நாம் எதையும் செய்வதில்லை. வண்டிக்குத் தூரம் தெரியாது. சமிக்ஞை கேட்டதா இல்லையா என்பதை வைத்தே பக்கத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. 2011இல் சூரிக்கின் இ.டி.ஹெச். ஆய்வாளர்கள் இந்த அனுமானத்தைச் சோதித்தார்கள். வண்டியின் கேள்வியை ஒரு கருவி வாங்கி, வீட்டுக்குள் கிடக்கும் சாவியின் அருகிலுள்ள இன்னொரு கருவிக்கு அனுப்புகிறது. எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களிலும் இது பலித்தது. குறியை யாரும் உடைக்கவில்லை. இல்லாத இருப்பை உண்டாக்கிக் காட்டினார்கள், அவ்வளவே. அலை போய்வரும் நேரத்தை அளந்து தூரத்தை அறியும் அகலப்பட்டை ரேடியோ பிறகுதான் வந்தது.

இது திருடனுக்கும் பணக்காரனுக்கும் இடையிலான விளையாட்டு, நமக்கென்ன என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் எஞ்சினை முடுக்கவிடாமல் தடுக்கும் ஒரு சில்லின் ஓட்டையை எழுதிய ஆய்வாளர்கள், முழு விவரத்தோடு கட்டுரை வெளியிடுவதை 2013இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் தடுத்தது. வழக்குப் போட்டவற்றில் ஃபோக்ஸ்வாகனும் ஒன்று. கட்டுரை வெளிவர 2015 ஆயிற்று. வண்டியை விலைகொடுத்து வாங்கியவனுக்கு அதன் பூட்டு எவ்வளவு பலவீனம் என்று தெரியக்கூடாதாம்.

சாவியை உருவினால் எஞ்சின் நின்றுவிடும் என்பது பல்லாண்டுகளாகக் கைக்குப் பழகிய அறிவு. பொத்தான் வந்ததும் அது பயனற்றுப் போனது. அமெரிக்காவில் எஞ்சின் ஓடுவது தெரியாமல், வீட்டோடு ஒட்டிய கராஜில் வண்டியை விட்டுத் தூங்கப்போய், கார்பன் மோனாக்சைடால் இறந்தவர்கள் 2006 முதல் குறைந்தது 28 பேர் என்று 2018இல் 'நியூயார்க் டைம்ஸ்' எழுதியது. பலர் முதியவர்கள். சத்தமில்லாத எஞ்சினும் சாவியில்லாத வசதியும் 'சொகுசு' என்ற ஒரே சொல்லாடலில்தான் விற்கப்பட்டன. பழைய பழக்கத்தோடு வாழ்ந்த உடல்களை அந்தச் சொல்லாடல் கணக்கில் எடுக்கவில்லை.

இப்போது சாவி செல்போனுக்குள்ளும் போய்விட்டது. அனுப்பலாம், நினைத்த நொடியில் திரும்பப் பெறலாம். ஆக்டிங் டிரைவரிடம் சாவியைக் கொடுத்தபோது அதில் ஒரு சிறு நம்பிக்கையும் சேர்ந்து போனது. அந்த நம்பிக்கைக்கு இனி அவசியமில்லை என்கிறது தொழில்நுட்பம். ஆக, 'சாவியற்ற' என்ற சொல்லே பொய். சாவி எங்கும் போகவில்லை. டூப்ளிகேட் போடும் பெரியவரின் அரத்துக்கு எட்டாத உயரத்துக்கு ஏறிவிட்டது.

நண்பன் பஸ் பிடித்து வந்துசேர மூன்று மணி நேரம் ஆனது. கிட்டே வந்ததும் வண்டி தானாக விளக்கைச் சிமிட்டியது. இரவில் யாரும் அலையைப் பிடித்துவிடக் கூடாது என்று வீட்டில் சாவியை ஒரு தகர டப்பாவுக்குள் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டுவதாகச் சொன்னான். அலமாரிச் சாவி எங்கே இருக்கும் என்று கேட்டேன். அம்மாவின் இடுப்பில் என்றான்.