தொலைந்த படமும் துப்பறியும் நிபுணரும்



வகுப்பில் உறுதிபடச் சொன்ன ஒன்றைப் பின்னர் ஆசிரியரே திருத்திச் சொல்ல நேர்வது சற்றுச் சங்கடமான காரியம். எனக்கு அது 2014-ஆம் ஆண்டில் நேர்ந்தது. வரலாற்றுச் சான்றுகளைப் பற்றிய பாடத்தில், அடியோடு அழிந்துபோன சான்றுக்கு எடுத்துக்காட்டாக ஒரு பேசாப் படத்தை ஆண்டுதோறும் கூறிவந்தேன். அமெரிக்காவில் 1916-இல் வெளியான 'ஷெர்லக் ஹோம்ஸ்' என்பது அது. அவ்வாண்டு அக்டோபரில், அப்படம் முழுமையாகக் கிடைத்துவிட்டது என்று செய்தி வந்தது. அச்செய்தியைக் கத்தரித்துக் கொண்டுவந்து என் மேசைமீது வைத்தவன் என் மாணவன் ஒருவனே.

அந்தப் படத்திற்கு ஏன் அத்தனை மதிப்பு என்பதைச் சொல்ல, வில்லியம் ஜில்லட் என்ற அமெரிக்க நாடக நடிகரிடமிருந்து தொடங்க வேண்டும். ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில், 1893-இல் வெளிவந்த ஒரு கதையில் அவரைக் கொன்றே விட்டார். அந்த ஹோம்ஸை மேடையேற்ற முனைந்த ஜில்லட், நாடகத்தில் அவருக்குத் திருமணம் செய்து வைக்கலாமா என்று தந்தியடித்துக் கேட்டாராம். உம் விருப்பம்போல் செய்துகொள்ளும் என்ற கருத்தில் பதில் வந்தது. 1899-இல் அரங்கேறிய அந்நாடகத்தில் ஏறத்தாழ 1,300 தடவை அவர் ஹோம்ஸாக நடித்தார். ஹோம்ஸ் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றும் வளைந்த புகைக்குழாய் கதைகளிலிருந்து வந்ததன்று. இவருடைய மேடையிலிருந்து வந்தது. கதைகளுக்குப் படம் வரைந்த அமெரிக்க ஓவியர் ஸ்டீல், இவர் முகத்தையே ஹோம்ஸின் முகமாகத் தீட்டினார். 1905-இல் லண்டனில் இவர் நடித்தபோது, பில்லி என்ற ஏவற்சிறுவனாக உடன் நடித்த பதினாறு வயதுப் பையன் யார் தெரியுமா? பிற்காலத்தில் உலகையே சிரிக்க வைத்த சார்லி சாப்ளின்!

மேடை நடிப்போ திரை விழுந்ததும் மறைந்துவிடுவது. ஜில்லட் ஹோம்ஸாக நடித்ததைப் பிற்காலத்தார் காண்பதற்கு இருந்த ஒரே வழி, தம் 62-ஆம் வயதில் சிகாகோ நகரத்து எஸ்ஸனே நிறுவனத்திற்காக அவர் நடித்துக் கொடுத்த இந்த ஒரு படந்தான். ஆர்தர் பெர்த்தலே அதை இயக்கினார். அதுவும் தொலைந்தது.

தொலைந்ததில் வியப்பொன்றும் இல்லை. அக்காலத்துப் படச்சுருள் நைட்ரேட் என்ற பொருளாலானது. வெடிமருந்துக்கு நெருங்கிய உறவு. தீப்பற்றினால் நீரில் அமிழ்த்தினாலும் அணையாது. தீயிலிருந்து தப்பியவையும் பெட்டிக்குள்ளேயே பிசுபிசுத்து, முடிவில் பொடியாயின. பேசும் படம் வந்தபின் பேசாப் படத்தை யார் சீந்துவார்? சுருளிலிருந்த வெள்ளியை எடுப்பதற்காகவே உருக்கினவர்களும் உண்டு. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் வெளியான ஏறத்தாழ 11,000 முழுநீளப் பேசாப் படங்களில், முதலில் வெளியான வடிவிலேயே முழுமையாக மிஞ்சியவை நூற்றுக்குப் பதினான்கே என்று அந்நாட்டுக் காங்கிரஸ் நூலகத்தின் 2013-ஆம் ஆண்டு ஆய்வு கணக்கிட்டுள்ளது.

இந்தப் படம் பிழைத்த கதை விந்தையானது. முதல் உலகப்போர் முடிந்தபின், 1919-இன் இறுதியில் இது பிரான்சில் திரையிடப்பட்டது. அங்கே வாரந்தோறும் தொடர்ந்து வரும் படங்களுக்கே மவுசு அதிகம். ஆகவே ஒரே படத்தை நான்கு பகுதிகளாக வெட்டி, பிரெஞ்சு மொழியில் வாசக அட்டைகள் சேர்த்து வெளியிட்டனர். அதற்கென எடுக்கப்பட்ட நெகட்டிவ் பிரதியே பாரிஸ் நகரத்துப் பிரெஞ்சுத் திரைப்படக் காப்பகத்தில், இன்னதென்று அறியப்படாமலே கிடந்தது. கலையறிந்தோர் முகஞ்சுளிக்கும் இந்த வெட்டுவேலை நடந்திராவிட்டால், படம் நமக்குக் கிடைத்தே இராது! எந்தக் காட்சிக்கு எந்த வண்ணம் ஏற்ற வேண்டும் என்ற குறிப்புகளும் அதில் இருந்தன. காப்பகத்தாரும் சான்பிரான்சிஸ்கோவின் பேசாப் பட விழாவினரும் சேர்ந்து செப்பனிட, 2015 ஜனவரியில் பாரிஸிலும், மே மாதம் சான்பிரான்சிஸ்கோவிலும் படம் மீண்டும் திரைகண்டது. இடையே கழிந்தவை 99 ஆண்டுகள்.

பின்னர் குறுந்தகடாக வந்ததை வாங்கி, அந்த மாணவனோடு அமர்ந்து பார்த்தேன். கதை பழைய நாடகபாணிதான்; சில இடங்கள் இழுக்கின்றன என்பதை மறைப்பானேன்? ஆனால் ஜில்லட் வந்து நின்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். சுற்றியிருப்போர் கையை வீசிக் கண்ணை உருட்டுகையில், அவர் அசையாமல் நிற்கிறார். பார்வையைச் சிறிதே திருப்புகிறார், எதிரி தடுமாறுகிறான். நேரிற் பார்த்தவர்கள் இவரை அப்படிப் புகழ்ந்தது ஏன் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

படம் முடிந்ததும் மாணவன் கேட்டான்: “ஐயா, சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்' இதே காலத்தை ஒட்டியதுதானே? அது அழிந்துவிட்டது என்றுதான் எங்களுக்குச் சொன்னீர்கள்.”

“இன்னும் கிடைக்கவில்லை” என்றேன்.