குருதிக் கொழுப்பும் நுரையீரல் நோயும்

கொலஸ்திரோலைக் குறைக்கும் மருந்து நாட்பட்ட நுரையீரல் நோயையும் தணிக்குமா? இவ்வினாவின் வேரைத் தேடின் பாரிஸ் மாநகரை அடைவோம். அங்கே 1816ஆம் ஆண்டில் செவ்ரல் என்னும் இரசாயன அறிஞர், பித்தக்கல்லிற் காணப்படும் கொழுப்புப் பொருளுக்குக் 'கொலஸ்திரீன்' எனப் பெயரிட்டார். அதே ஆண்டில் அந்நகர் மருத்துவர் லெனெக், நெஞ்சின் ஒலியைக் கேட்கும் குழலை அமைத்தார். 1819இல் வெளியான தமது நூலில், நுரையீரலின் காற்றறைகள் விரிந்து சிதையும் நோயை அவர் விளக்கினார்.

இவ்விரு ஆராய்ச்சிகளும் நெடுங்காலம் தனித்தனி வழியே சென்றன. அமெரிக்காவின் பிராமிங்காம் நகரில் 1948இல் தொடங்கிய ஆய்வு, இரத்தத்தில் மிகும் கொலஸ்திரோல் இதயநோய்க்கு ஏதுவாதலை 1961இல் எடுத்துக்காட்டியது. நுரையீரல் நோயாளர் பலர் இதயநோயால் இறப்பதும் பின்னர்ப் புலனாயிற்று. புகைபிடித்தல் இரண்டுக்கும் பொதுக் காரணமன்றோ!

ஆகவே, ஒரே மருந்து இரண்டையும் காக்கும் என்னும் நம்பிக்கை எழுந்தது. 2014இல் வெளியான ஸ்டாட்கோப் ஆய்வு, 885 நுரையீரல் நோயாளருட் சிலருக்குச் சிம்வஸ்டட்டின் மருந்தும் ஏனையோருக்குப் போலி மருந்தும் அளித்து ஒப்பிட்டது. நோய் மூண்டெழுவது குறையவில்லை. எனினும், அவர்கள் இதயத்தின் பொருட்டு அம்மருந்து தேவைப்படாதவர்கள் என்பதை மறத்தலாகாது. இதயத்துக்கென மருத்துவர் தந்த மருந்தை நுரையீரல் நோயாளர் கைவிடுதல் தவறு. மூச்சுக்கு மருந்து வேறு. இதயத்துக்குக் காவல் வேறு.