கண்காணிப்பு கேமராவின் எச்சரிக்கை தாமதமாக வருகிறதா? காரணம் கண்டறிந்து சரிசெய்யும் முறைகள்

முத்துப்பேட்டை வட்டாரத்தில் தென்னந்தோப்பு மோட்டார் கொட்டகை, இறால் குட்டை, ஆட்டுக்கொட்டில் என ஊரிலிருந்து தள்ளியிருக்கும் இடங்களில் விவசாயிகள் கண்காணிப்பு கேமரா பொருத்தி வருகின்றனர். ஆள் நடமாட்டம் தெரிந்ததும் கைப்பேசிக்கு எச்சரிக்கை வரவேண்டும் என்பதே இதன் நோக்கம். மோட்டாரின் செம்புக் கம்பியை அறுத்துச் செல்லப் பத்து நிமிடம் போதும். எச்சரிக்கை கால் மணி நேரம் கழித்து வந்தால், திருட்டு முடிந்த பிறகு படம் பார்ப்பதாகவே ஆகும். இதற்காக உடனே புதிய கேமரா வாங்க வேண்டியதில்லை. தாமதம் எந்த இடத்தில் ஏற்படுகிறது என்று கண்டறிந்தால் பெரும்பாலும் செலவின்றிச் சரிசெய்யலாம்.

எவ்வளவு தாமதம் இயல்பானது?

மின் இணைப்பில் இயங்கும் கேமராவில் சில விநாடிகளில் எச்சரிக்கை வரும். சோலார் பேட்டரி கேமரா மின்சாரத்தைச் சேமிக்க உறக்கநிலையில் இருந்து, அசைவு தெரிந்த பின்பே விழித்து இணையத்தில் சேரும். எனவே கூடுதலாகச் சில விநாடிகள் ஆகலாம். ஒரு நிமிடத்தைத் தாண்டினால் கோளாறு இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

முதலில் செய்ய வேண்டிய சோதனை

1. கேமராவில் காட்டும் நேரமும் கைப்பேசி நேரமும் ஒன்றாக உள்ளதா எனப் பார்க்கவும்.

2. வீட்டில் இருவரின் கைப்பேசியில் கேமரா ஆப் வைத்து, திரையை அணைத்து அரை மணி நேரம் தொடாமல் வைக்கவும்.

3. ஒருவர் கேமரா முன் குறுக்கே நடக்க வேண்டும். நடந்த நேரம், பதிவு தொடங்கிய நேரம், எச்சரிக்கை வந்த நேரம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளவும்.

நடந்ததற்கும் பதிவுக்கும் இடைவெளி அதிகமானால் குறை கேமராவில் உள்ளது. பதிவு உடனே தொடங்கி, எச்சரிக்கை ஒரு கைப்பேசியில் மட்டும் தாமதமானால் குறை அந்தக் கைப்பேசியில். இரண்டிலும் தாமதமானால் சிக்னலைப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியில் குறை இருந்தால்

பலரும் கவனிக்காத காரணம் இதுதான். பேட்டரியைச் சேமிக்க, ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பயன்படுத்தாத ஆப்களை நிறுத்தி வைக்கின்றன. இரவில் திரை அணைந்து கிடக்கும்போது எச்சரிக்கையும் நின்றுவிடுகிறது. காலையில் கைப்பேசியைத் திறந்ததும் எல்லாம் மொத்தமாக வந்தால் இதுவே காரணம்.

• செட்டிங்ஸில் கேமரா ஆப்பைத் தேர்ந்து, பேட்டரி பகுதியில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ என வைக்கவும். ‘ஆட்டோஸ்டார்ட்’ வசதி இருந்தால் அதையும் இயக்கவும்.

• ‘டேட்டா சேவர்’, ‘பேட்டரி சேவர்’ இரண்டையும் இரவில் அணைத்து வைக்கவும்.

• ‘டூ நாட் டிஸ்டர்ப்’ பயன்படுத்துவோர் கேமரா ஆப்புக்கு விலக்கு அளிக்கவும்.

• ஆண்ட்ராய்டு 13 முதல் நோட்டிபிகேஷனுக்குத் தனியாக அனுமதி கேட்கும். மறுத்திருந்தால் எச்சரிக்கையே வராது.

சிக்னலில் குறை இருந்தால்

சிம் போட்ட கேமராவில் தினசரி டேட்டாவைக் கவனிக்கவும். பல ப்ரீபெய்டு திட்டங்களில் அன்றைய அளவு தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறைந்துவிடும். அதில் படமும் வீடியோவும் நகராது. பகல் முழுக்க நேரலை பார்த்துவிட்டால், இரவில் தேவைப்படும்போது டேட்டா இருக்காது. மாலையில் மட்டும் தாமதமாகி நள்ளிரவுக்குப் பின் சரியானால் இதைச் சந்தேகிக்கலாம். நேரலையைக் குறைத்து, வீடியோ தரத்தையும் ஒரு படி குறைக்கவும்.

கேமரா உள்ள இடத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் வலுவாக இருக்கிறது என்று கைப்பேசியில் சோதித்த பின்பே சிம் வாங்கவும். தகரக் கூரைக்குள் சிக்னல் குறையும் என்பதால் கேமராவை வெளிப்புறம் பொருத்தவும். வைஃபை கேமராவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையே தொலைவு செல்லும். மின்வெட்டில் ரூட்டர் நிற்காமலிருக்க, அதற்குரிய சிறிய பேட்டரி பெட்டி வைக்கலாம்.

கேமராவில் குறை இருந்தால்

சோலார் பேட்டரி கேமராக்களில் உடல் வெப்பத்தை உணரும் சென்சார் உள்ளது. குறுக்கே நடப்பவரை இது விரைவில் அறியும். நேராக எதிரே வருபவரைத் தாமதமாகவே அறியும். எனவே பாதையை நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்குமாறு, 7 முதல் 8 அடி உயரத்தில் பொருத்தவும். கத்திரி வெயிலில் காற்றின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும்போது சென்சாரின் திறன் குறையும். அந்த மாதங்களில் உணர்திறனை ஒரு படி கூட்டவும்.

தென்னை மட்டை அசைவது, இரவு விளக்குக்கு வரும் பூச்சி, லென்ஸ் மேல் சிலந்தி வலை ஆகியவை பொய் எச்சரிக்கைகளைத் தரும். ஓர் எச்சரிக்கைக்குப் பின் சிறிது நேரம் அடுத்ததை அனுப்பாத அமைப்பு பல கேமராக்களில் உண்டு. அந்த நேரத்தில் ஆள் வந்தால் தெரியாமல் போகும். ஆகவே மட்டையைக் கழித்து, லென்ஸைத் துடைத்து, ‘மனிதர் மட்டும்’ என்ற வசதியை இயக்கி, இடைவெளி நேரத்தைக் குறைக்கவும்.

கடலோரப் பகுதியில் சோலார் தகட்டில் உப்பும் தூசியும் படியும். 15 நாட்களுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் துடைக்கவும். ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்தில் பேட்டரி முழுதாக ஏறாது. அப்போது வாரம் ஒருமுறை வீட்டில் சார்ஜ் செய்வது நல்லது.

நினைவில் கொள்ள வேண்டியவை

• எச்சரிக்கை வேகமாக வந்தாலும் வீட்டிலிருந்து தோப்புக்குப் போக நேரமாகும். கேமராவிலேயே ஒலிக்கும் சைரன் வசதியை இயக்கி வைத்தால், ஆப் எச்சரிக்கைக்குக் காத்திராமல் அந்த இடத்திலேயே ஒலிக்கும்.

• மெமரி கார்டு போட்டிருந்தால் சிக்னல் இல்லாதபோதும் பதிவு இருக்கும்.

• எச்சரிக்கை வந்ததும் தனியாகச் செல்ல வேண்டாம். அக்கம்பக்கத்தாரை அழைத்துக்கொண்டு, 112 என்ற எண்ணில் காவல் துறைக்குத் தகவல் தரவும்.

• மாதம் ஒருமுறை இரவில் நடந்து பார்க்கும் சோதனையைச் செய்யவும். கைப்பேசியில் அப்டேட் வந்த பிறகும், புதிய கைப்பேசி மாற்றிய பிறகும் இதைத் தவறாமல் செய்ய வேண்டும்; பேட்டரி அமைப்பு மாறிவிட வாய்ப்பு உண்டு.