டாப்சிலிப்: தேக்குக் காட்டின் வரலாறு

டாப்சிலிப், கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஆனைமலைத் தொடரில் அமைந்துள்ள காட்டு ஊர் ஆகும். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் உள்ளது. யானை, காட்டுமாடு (பலரும் இதைக் காட்டெருமை என்பர்), புள்ளிமான், இருவாச்சி ஆகியவற்றைக் காண வருவோர், இது மனிதக் கை படாத காடு என்றே எண்ணுவர். ஆனால் இங்குள்ள தேக்குக் காட்டின் பெரும்பகுதி, ஒருமுறை வெட்டி அழிக்கப்பட்டுப் பின்னர் மீண்டும் வளர்க்கப்பட்டது.

பெயர்க் காரணம்

ஊரின் பெயரே இவ்வரலாற்றைச் சொல்கிறது. 'டாப்' என்றால் உச்சி, 'ஸ்லிப்' என்றால் வழுக்குதல். ஆங்கிலேயர் காலத்தில் மலைமேல் வெட்டிய மரங்களை இங்கிருந்து சரிவில் வழுக்கிவிட்டு அடிவாரத்திற்கு இறக்கினர். அந்த இடத்தின் பெயரே ஊரின் பெயராக நிலைத்துவிட்டது.

தேக்கு வெட்டு

தேக்கு எண்ணெய்ப் பசை உள்ள மரம். நீரில் எளிதில் கெடாது, கறையானும் அதை எளிதில் அரிக்காது. எனவே கப்பல் கட்ட ஏற்றது. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் தளத்திற்குச் சென்றது. பின்னர் ரயில் பாதைகள் வந்தபோது மரத்தின் தேவை மேலும் பெருகியது.

வெட்டு மிகுந்ததால் காட்டைக் காக்கும் எண்ணமும் எழுந்தது. 1856-இல் சென்னை மாகாண வனத்துறை கிளெக்ஹார்ன் என்ற மருத்துவரின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. இதனால் காடு காக்கப்பட்டது உண்மை. அதே சமயம், தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த காடர், மலசர் முதலிய பழங்குடியினரின் புழக்கம் அரசின் கட்டுப்பாட்டிற்குள் வந்தது.

ஹியூகோ வுட்

1915-ஆம் ஆண்டையொட்டி இப்பகுதிக்கு வந்த வன அலுவலர் ஹியூகோ வுட், வெட்டும் முறையையே மாற்றினார். மரத்தை வேரோடு பெயர்க்காமல் தரையையொட்டி வெட்டினால், அடிக்கட்டையிலிருந்து புதுத் தளிர்கள் கிளம்பும். அவற்றுள் நல்லதை வளரவிட்டு மற்றவற்றைக் கழித்துவிட வேண்டும். வாழையிலும் கரும்பிலும் உழவர் கையாளும் மறுதாம்பு போன்றதே இது. இதனுடன் புதிய தேக்குத் தோட்டங்களும் உருவாயின.

வுட், கைத்தடியால் குழியிட்டுச் சட்டைப் பையிலிருந்த தேக்கு விதைகளைப் போட்டபடியே நடப்பார் என்று இங்கு சொல்வதுண்டு. கதை அழகானதுதான். ஆனால் ஒருவர் கைத்தடியால் ஒரு காடு உருவாகிவிடாது. காட்டுப் பாதைகளை அறிந்த பழங்குடியினர், கூலியாட்கள், பாகன்கள் ஆகியோரின் உழைப்பும் அதில் உண்டு. அவர்களுடைய பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. 1933-இல் மறைந்த வுட்டின் கல்லறை டாப்சிலிப்பில் தேக்கு மரங்களுக்கிடையே உள்ளது.

யானைகள்

வெட்டிய மரங்களை இழுக்க யானைகள் பழக்கப்பட்டன. மலசர் பலர் பாகன்களாக இருந்தனர். மரவேலை நின்ற பிறகு, ஊருக்குள் வரும் காட்டு யானைகளைக் கட்டுப்படுத்தும் கும்கிகளாக அவை மாறின. கோழிகமுத்தி முகாமின் புகழ்பெற்ற கும்கி கலீம், 60 வயதில் 2023-இல் ஓய்வு பெற்றது.

சரணாலயம்

1976-இல் ஆனைமலைப் பகுதி வனவிலங்குச் சரணாலயமாயிற்று. பின்னர் அதற்கு இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. 2007-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வருவாய்க்காக வளர்க்கப்பட்ட மரங்கள் இப்போது விலங்குகளுக்கு நிழலாக நிற்கின்றன.

ஆயினும் தேக்குத் தோட்டம் இயற்கைக் காட்டிற்கு ஈடாகாது. இருவாச்சிக்குப் பழம் தரும் அத்தி மரங்களும், கூடு வைக்கப் பொந்துள்ள முதுமரங்களும் தேவை. அவை மிகுந்திருப்பது பசுமைமாறாச் சோலைகளில்தான். டாப்சிலிப்பையொட்டிய கரியன் சோலை அத்தகையது. 2012-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்ற மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் இதுவும் ஒன்று.

செல்வோர் கவனத்திற்கு

கோடையில் தேக்கு இலையுதிர்த்து நிற்கும். சருகில் தீப்பிடிக்கும் அச்சம் உண்டு. அக்காலத்தில் அனுமதி நிறுத்தப்படலாம் என்பதால், முன்பே விசாரித்துச் செல்வது நல்லது. சென்றால் தேக்குக் காட்டையும் சோலையையும் ஒரே நாளில் பாருங்கள். மனிதர் வளர்த்த காடு எது, தானாக வளர்ந்த காடு எது என்பது பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போது எளிதில் விளங்கும்.