கற்படுக்கைகள் உணர்த்தும் துறவு

மதுரையைச் சூழ்ந்துள்ள குன்றுகளின் இயற்கைக் குகைத்தளங்களில், ஒருவர் கிடக்கும் அளவிற்கு வழவழப்பாகச் செதுக்கப்பெற்ற கற்படுக்கைகள் பல காணப்படுகின்றன. அவற்றுள் சிலவற்றில் தலைப்பக்கம் சற்றே உயர்த்தித் தலையணைபோல் விடப்பட்டுள்ளது. மழைநீர் உள்ளே வழியாதவாறு குகையின் நெற்றியில் காடி வெட்டப்பட்டிருக்கும். அதனையொட்டித் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஓரிரு வரிகள் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றுள் பெரும்பாலானவை சமணத் துறவியர்க்கென அமைக்கப்பட்டவை என்பது கல்வெட்டறிஞர் கருத்து.

இளமை, யாக்கை, செல்வம் ஆகிய மூன்றும் நிலையாதவை என்பது சமண அறத்தின் உயிர்நாடியாகும். வீட்டையும் பொருளையும் உறவையும் நீத்த துறவியர் ஓரிடத்தில் நிலையாகத் தங்குவதுமில்லை. சிற்றுயிர்கள் மிகுதியாகத் தோன்றும் மழைக்காலத்தில், நடந்து செல்கையில் அவற்றுக்குத் தீங்கு நேருமென்று கருதி, அந்நாட்களில் மட்டும் ஓரிடத்தில் தங்குவர். எதனையும் தமதெனக் கொள்ளாத அவர்களுக்கென்று அமைந்த படுக்கைகள் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன. அவற்றை அமைத்தவர் யாவர், எதற்காக அமைத்தனர் என்பன எண்ணிப் பார்க்கத்தக்கவை.

ஈந்தோரும் ஏற்றோரும்

மேலூர் வட்டாரத்தில் மீனாட்சிபுரத்தை அடுத்த மாங்குளம் குன்றுக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். இத்தகைய குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழே என்பதைக் கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் எடுத்துக்காட்டினார். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் மாங்குளத்தில் இடம்பெறுவதை 1960களில் ஐராவதம் மகாதேவன் இனங்கண்டார். அவர் இக்கல்வெட்டுகளைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டினவாகக் கொள்வார். நெடுஞ்செழியனின் அலுவலனாகிய கடலன் வழுதி, கணி நந்தாசிரியகுவன் என்னும் துறவிக்கு உறைவிடம் அமைத்துத் தந்த செய்தி அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. வெள்ளறை என்னும் ஊரின் வணிகக் குழுவினரும் அக்குன்றில் கொடையாளராகத் திகழ்கின்றனர்.

அழகர்மலைக் கல்வெட்டுகள் வேறொரு வகையில் சிறப்புடையன. அங்கே பெயர் பொறித்தவர்கள் மதுரைப் பொன் வணிகர், உப்பு வணிகர், அறுவை வணிகர், கொழு வணிகர், பாணித வணிகர் முதலியோர். ஆடை விற்றவரும், ஏர்க்கொழு விற்றவரும், பாகு விற்றவரும் ஒன்றுகூடி, பொருளே வேண்டாதாருக்குப் பொருள் செலவிட்டுள்ளனர். நிலையாமையை நன்கறிந்தவர் துறவியர் மட்டுமல்லர். மழையில் கரையும் உப்பையும் விலை ஏறி இறங்கும் பொன்னையும் நாள்தோறும் கையாண்ட வணிகர்க்கும் அது புதிய செய்தியாக இருந்திருக்க இயலாது. முற்றும் துறக்க இயலாதவர் தம் ஈட்டத்தில் ஒரு பகுதியைத் துறந்தனர் என்று இக்கொடைகளைக் கொள்ளலாம். ஈதல் இல்லறத்தானின் துறவு.

கரூரை அடுத்த புகளூர் ஆறுநாட்டார் மலைக் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ எனச் சேரர் குடியின் மூன்று தலைமுறைகளைக் குறிக்கிறது. இளங்கடுங்கோ இளவரசுப் பட்டம் எய்திய காலத்தில், யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் முதிய சமணத் துறவிக்கு உறைவிடம் வெட்டிக் கொடுக்கப்பட்டது. அரசுரிமை என்னும் பெரும்பற்று மகனுக்குக் கைமாறும் வேளையில், பற்றனைத்தும் விட்ட ஒரு முதியவரை அக்குடி நினைவுகூர்ந்தது. ஊரைத் துறந்த அத்துறவியை இன்று நாம் அறிவது அவர்தம் ஊர்ப்பெயரோடுதான் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஐம்பத்தேழு நாட்கள்

உடம்பையும் நீத்தல் துறவின் இறுதிப் படியாகும். மானம் காரணமாக வடக்கிருந்து உயிர்நீத்த கோப்பெருஞ்சோழன் வரலாற்றைப் புறநானூற்றால் அறிகிறோம். உடன் இருக்க விரும்பிய பொத்தியாரை, மகன் பிறந்தபின் வருக என்று அவன் திருப்பி அனுப்பினான். சாவின் விளிம்பிலும் நண்பரின் இல்லறக் கடமையை அவன் மறந்தானல்லன்.

சமணரின் சல்லேகனை இதனின்றும் வேறுபட்டது. தீராத நோய், முதுமை, பஞ்சம் முதலிய நிலைகளில் உணவைப் படிப்படியாகக் குறைத்து உடலை நீக்குவது அது. அந்நோன்பில் வாழ விழைவது குற்றம். விரைந்து இறக்க விழைவதும் அதே அளவு குற்றம். உடம்பின்மேல் விருப்பும் இன்றி வெறுப்பும் இன்றி இருத்தலே அங்கு வேண்டப்படுவது.

செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், இருபத்துநான்கு தீர்த்தங்கரர் உருவங்கள் இரு வரிசையாகச் செதுக்கப்பட்ட பாறையைக் காணலாம். அக்குன்றின் பழைய கல்வெட்டு, சந்திரநந்தி ஆசிரியர் ஐம்பத்தேழு நாட்கள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த இடம் அது என்று அறிவிக்கிறது. இதனை ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டினதாகக் கருதுவர். குலமோ கொடையோ புகழுரையோ அதில் இல்லை. ஒரு பெயரும் நாட்கணக்குமே உள்ளன. நாட்களை எண்ணியவர் நோன்பிருந்தவராக இருந்திருக்க மாட்டார். அருகிருந்து ஒவ்வொரு நாளையும் எண்ணிய மாணாக்கரோ அடியாரோ ஆதல் வேண்டும். ஆசிரியர் பற்றை விட்டார். உடனிருந்தவர்க்கு அவர்மேல் இருந்த அன்பு, ஐம்பத்தேழு என்னும் எண்ணாகப் பாறையில் தங்கிவிட்டது.

காப்பது யார்?

மீனாட்சிபுரத்தையும் அதனை அடுத்த அரிட்டாபட்டியையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலப்பரப்பு, 2022ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. எனினும் 2024இல் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் கனிமம் எடுப்பதற்கான ஏலம் நடைபெற்றது. சுற்றுப்புற ஊர்மக்கள் திரண்டு எதிர்த்ததன் பின்னர், 2025 சனவரியில் நடுவண் அரசு அதனை நீக்கியது.

கல்லும் நிலையானதன்று என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்கியது. அங்குத் தங்கிய துறவியர் இன்றிருந்தால், குன்றையும் எமதென்று கொள்ளாமல் எழுந்து சென்றிருக்கக்கூடும். ஆயின் குன்றைக் காக்கும் பொறுப்பு அவர்களுடையதன்று. முற்காலத்தில் உப்பும் கொழுவும் விற்றுப் படுக்கை வெட்டித் தந்த இல்லறத்தாரின் வழிவந்தோருடையது. தமக்கென்று பற்றுவது வேறு, பிறர்க்கென்று பேணுவது வேறு. இவ்வேறுபாட்டை அறிந்தவர்களே அக்கற்படுக்கைகளைச் செதுக்கினர். அவற்றை இன்று காக்க முன்வருவோரும் அதனையே அறிந்து நிற்கின்றனர்.