டெல்லி மாரத்தானும் கொல்லிமலை ஏற்றமும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்குப் பேருந்தில் சென்றிருக்கிறீர்களா? அடிவாரத்தில் காரவள்ளியைக் கடந்ததும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. வண்டி முனகிக்கொண்டே ஏறும். அதே மலையை ஒருவர் கால்நடையாக ஏறுவதாக வைத்துக்கொள்வோம். அவருடைய நிறை 60 கிலோகிராம். ஏறும் உயரம் 1000 மீட்டர். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் 5,88,000 ஜூல் வேலை என்று கிடைக்கும். நம் தசைகள் தாம் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழக் கால் பங்கையே வேலையாக மாற்றுகின்றன. எனவே அவருக்கு உண்மையில் செலவாவது சுமார் 560 கிலோகலோரி.

இந்த எண்ணை நினைவில் வையுங்கள். இதையே அளவுகோலாகக் கொண்டு, நம்மில் பலர் மறந்துவிட்ட ஓர் ஓட்டத்தை அளந்து பார்ப்போம்.

முதலாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் 1951 மார்ச் 4 முதல் 11 வரை புது டெல்லியில் நடைபெற்றன. 11 நாடுகள் கலந்துகொண்டன. ஆடவர் மாரத்தானில் இந்தியாவின் சோட்டா சிங் 2 மணி 42 நிமிடம் 58.6 விநாடியில் ஓடி முதலிடம் பெற்றார். வெள்ளிப் பதக்கம் ஜப்பானுக்குச் சென்றது. வெண்கலம் வென்றவர் மற்றோர் இந்தியரான சூரத் சிங் மாத்தூர்.

மாரத்தானின் தூரம் 42.195 கிலோமீட்டர். சமதரையில் ஓடுபவர், தம் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் கிலோமீட்டர் ஒன்றுக்குச் சுமார் ஒரு கிலோகலோரி செலவிடுகிறார். அப்படியானால் 60 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு மொத்தம் 2,500 கிலோகலோரிக்குச் சற்று மேல் ஆகும். அதாவது, கொல்லிமலையை நாலரை முறை ஏறுவதற்குச் சமம்!

இங்கேதான் சிக்கல். நாம் உண்ணும் மாவுப்பொருள் கிளைக்கோஜனாக மாறித் தசைகளிலும் ஈரலிலும் சேமிக்கப்படுகிறது. இந்தச் சேமிப்பு சுமார் 2,000 கிலோகலோரிதான். முப்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் அது தீரும் நிலைக்கு வந்துவிடும். கொழுப்பு மிச்சமிருந்தாலும் அது மெதுவாகவே ஆற்றல் தரும். கால்கள் பின்னிக்கொள்ளும்.

மற்றொரு பகை வெப்பம். செலவாகும் ஆற்றலில் பெரும்பகுதி உடலில் வெப்பமாகவே வெளிப்படுகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பம் நீங்கும். 2,000 கிலோகலோரியை வியர்வையால் மட்டுமே நீக்குவதானால் ஏறத்தாழ மூன்றரை லிட்டர் நீர் வேண்டும். ஆனால் ஓட்டத்தின் நடுவே நீர் அருந்துவது பலவீனம் என்ற எண்ணம் அந்நாளில் பரவலாக இருந்தது.

தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்கெடுத்துக் கிளைக்கோஜனை அளக்கும் முறையை, ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்னும் அறிஞர்கள் 1960-களில்தான் கையாண்டனர். மாவுப்பொருள் மிகுந்த உணவு இச்சேமிப்பைப் பெருக்கும் என்பதும் அப்போதுதான் தெளிவாயிற்று. சோட்டா சிங் ஓடியதோ அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பு!

மறு ஆண்டு, 1952-இல், மாத்தூர் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஓடினார். 2 மணி 58 நிமிடத்தில் 52-ஆவதாக வந்தார். வென்ற செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஸாட்டோபெக்குக்கு ஆன நேரம் 2 மணி 23 நிமிடம். இந்த 35 நிமிட இடைவெளி நம்மவரின் உறுதிக் குறைவா? அல்ல. ஸாட்டோபெக் 400 மீட்டர் தூரத்தை விரைவாக ஓடி, சிறிது தணிந்து, மீண்டும் விரைந்து ஓடும் பயிற்சியைப் பல ஆண்டுகள் செய்தவர். முறையான பயிற்சி இருந்தால் இடைவெளி குறையும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1976-இல் மான்ட்ரீல் ஒலிம்பிக்கில் சிவநாத் சிங் 11-ஆவதாக வந்தார். 1978-இல் ஜலந்தரில் அவர் 2 மணி 12 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

ஆயினும், 2023-இல் ஹாங்சோவில் நடந்த போட்டிகள் வரை, ஆசிய விளையாட்டில் ஆடவர் மாரத்தான் தங்கம் இந்தியாவுக்கு மீண்டும் கிட்டவில்லை. சோட்டா சிங் வென்றதே இன்றளவும் ஒரே தங்கம்.

மாணவ நண்பர்களே! கொல்லிமலை உழவர்கள் விளைவிக்கும் சாமையும் தினையும் மாவுப்பொருள் நிறைந்தவையே. சேமிப்புக்கான பொருள் நம் தட்டிலேயே இருக்கிறது. உங்கள் நிறையைக் கொண்டு மேற்கண்ட கணக்கைப் போட்டுப் பாருங்கள். எத்தனை கிலோமீட்டரில் உங்கள் சேமிப்பு தீரும் என்பது தெரியும். நாலரை மலைகளையும் 2 மணி 43 நிமிடத்துக்குள் ஏறி முடித்தவரின் பெருமையும் அப்போது புரியும்.