மறவாத காவலன்

மனித உடலுக்குள் ஒரு காவற்படை உண்டு. ஒருமுறை கண்ட பகைவனை அது எளிதில் மறப்பதில்லை. இவ்வுண்மையின் ஒரு கூற்றை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கண்டுணர்ந்தவர், ரய் நகரத்து மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸி. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்திக் காட்டி அவர் அரபு மொழியில் ஒரு நூல் இயற்றினார். பெரியம்மை கண்டு பிழைத்தவரை அந்நோய் மீண்டும் தீண்டாமை ஏன் என்பதற்கு அதில் காரணம் கூற முற்பட்டார். இளங்குருதியிலுள்ள மிகை ஈரம் பொங்கி வெளியேறிவிடுகிறது என்பது அவர் கருத்து. அவ்விடை இன்று நிலைக்கவில்லை. அவர் எழுப்பிய வினா நிலைத்தது.

அந்த வினாவிற்கும் சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்கும் நெருங்கிய உறவு உண்டு. பழுதான உறுப்பை நீக்கி நல்லுறுப்பைப் பொருத்துவது கைத்திறன் சார்ந்த செயல் மட்டுமே என்றுதான் முதலில் எண்ணினர். குருதிக் குழாய்களைத் தைத்து இணைக்கும் முறையை வகுத்த அலெக்சிஸ் காரெல் 1912 இல் நோபெல் பரிசு பெற்றார். ஒரு விலங்கின் சிறுநீரகத்தை எடுத்து அதன் உடலிலேயே வேறோரிடத்தில் பொருத்தினால் அது இயங்கிற்று. வேறொரு விலங்கிற்குப் பொருத்தினாலோ விரைவில் கெட்டழிந்தது. 1933 இல் உக்ரேனிய மருத்துவர் வோரனாய், இறந்தவர் ஒருவரின் சிறுநீரகத்தை ஒரு பெண்மணிக்குப் பொருத்தினார். அவரும் இரண்டு நாட்களில் உயிர் நீத்தார். தையலில் குறையில்லை எனின், குறை எங்கே?

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விடை கிடைத்தது. தீக்காயமுற்ற ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலைக் கிளாஸ்கோ நகரில் ஒட்டினர். அது சில நாட்கள் நிலைத்துப் பின்னர் அழிந்தது. அதே சகோதரரின் தோலை இரண்டாம் முறை ஒட்டியபோது முன்னினும் விரைவாக அழிந்தது. பீட்டர் மெடவாரும் தாமஸ் கிப்சனும் 1943 இல் இதனை வெளியிட்டனர். அம்மையை நினைவில் வைக்கும் அதே காவற்படைதான் அயலார் உறுப்பையும் நினைவில் வைத்து விரட்டுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. நம்மைக் காக்கும் அருளே இங்குத் தடையாக நின்றது!

இத்தடை இல்லாத ஓரிடம் இருந்தது. ஒரே கருவில் தோன்றிய இரட்டையரின் உடல்கள் ஒன்றையொன்று அயல் என எண்ணா. 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் ஜோசப் மரே, அத்தகைய இரட்டையருள் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தி வெற்றி கண்டார். முன்னதாகத் தோலை ஒட்டிப் பார்த்து, அது நிலைப்பதையும் உறுதி செய்துகொண்டனர். ஆனால் இரட்டைப் பிறவி எத்தனை பேருக்கு வாய்க்கும்? ஏனையோர்க்கு அக்காவற்படையைச் சற்றே அடக்கிவைக்க மருந்து வேண்டியிருந்தது. 1960களில் அசத்தியோபிரினும் ஸ்டீராய்டும் அப்பணிக்கு வந்தன.

நம் நாட்டில் 1971 இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், மருத்துவர்கள் ஜானியும் மோகன் ராவும் உயிருடன் இருப்பவரின் சிறுநீரகத்தைப் பொருத்தி வெற்றி கண்டது இவ்வறிவின் பயனேயாகும். பின்னர் 1980களில் சைக்ளோஸ்போரின் பரவலான பயன்பாட்டுக்கு வந்தது. நார்வே நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து பெறப்பட்ட மருந்து அது.

1984 இல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். நியூயார்க்கில் சிகிச்சை பெற்றபோது எங்கள் திருக்கோஷ்டியூர் போன்ற சிற்றூர்களிலும் அதுவே பேச்சு. அவருக்குச் சிறுநீரகம் ஈந்தவர் அவருடைய அண்ணன் மகள். உறவினரை முதலில் நாடுவதற்குக் காரணம் பாசம் மட்டுமன்று. குருதி உறவில் திசு அடையாளங்கள் ஓரளவேனும் ஒத்திருக்கும் வாய்ப்பு மிகுதி. எனினும் உறவு மட்டும் போதாது. முன்னர் இரத்தம் ஏற்றிக்கொண்டவர், பிள்ளை பெற்ற தாய் ஆகியோரின் குருதியில் அயல் திசுவுக்கு எதிரான பொருள்கள் முன்னரே உருவாகியிருக்கக் கூடும். எனவேதான் இருவர் குருதியையும் கலந்து சோதிக்கின்றனர்.

அடக்கிய காவலுக்கு ஒரு விலை உண்டு. உட்பகையென எண்ணி உறுப்பைத் தாக்காதிருக்க மருந்து உண்பவர், வெளிப்பகையாகிய கிருமியின் முன்னும் தளர்ந்தே நிற்கிறார். மாற்றுச் சிகிச்சை பெறாத நோயாளியின் நிலையும் ஏறக்குறைய இதுவே. சிறுநீரகம் செயலிழந்தால் குருதியில் தேங்கும் நச்சு, காவலரையும் சோர்வுறச் செய்கிறது. ஆகவே டயாலிசிஸ் செய்துகொள்வோருக்கு ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியை வழக்கமான அளவினும் இரு மடங்காக இடுவர். கொரோனாத் தொற்றின்போது 2021 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், உறுப்பு மாற்றுப் பெற்ற 658 பேரை ஆராய்ந்தனர். இரண்டு தவணை தடுப்பூசி பெற்ற பின்னும் அவர்களுள் 54 விழுக்காட்டினர்க்கே எதிர்ப்பொருள் காணப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் இத்தகையோர்க்கு அந்நாடு மூன்றாம் தவணையை அனுமதித்தது.

இவ்வரலாறு நம் இல்லங்களுக்கு உணர்த்துவன சில உள. உடல் நலம் திரும்பிவிட்டதென்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவது, உறங்கும் காவலனைத் தட்டி எழுப்புவதாகும். பல ஆண்டுகள் கழிந்தாலும் அவன் விருந்தினரை அடையாளம் கண்டுகொள்வான். மாத்திரைகள் சில பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் உண்ணற்பாலன. ஆதலின் ரமளானில் மருத்துவரைக் கேளாமல் நோன்பு நோற்கத் துணிதல் தகாது. நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தது திருக்குர்ஆனேயன்றோ! உயிருள்ள கிருமியால் ஆன தடுப்பூசிகள் மாற்றுச் சிகிச்சைக்குப் பின் பொதுவாக விலக்கப்படும். அதனையும் மருத்துவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

நோயாளியின் காவல் தளர்ந்திருக்கையில், உடன் வாழ்வோர் காவலாக வேண்டும். தமக்குரிய தடுப்பூசிகளை இட்டுக்கொள்ளுதல், இருமலும் காய்ச்சலும் கண்டபோது விலகியிருத்தல், கைகளைத் தூய்மையாக வைத்தல் ஆகிய எளிய செயல்களே அக்காவல். நலம் விசாரிக்கச் செல்வது நற்செயலே. சளி பிடித்திருக்கும்போது செல்லாதிருப்பது அதனினும் நற்செயல். ஒருவர் தம் உடலிலிருந்து ஈந்த உறுப்பு, மற்றொருவர் உடலில் நெடுங்காலம் வாழ்வதும் வாழாததும் அவ்வீட்டார் அனைவரின் கவனத்தையும் பொறுத்திருக்கிறது.